வாய்க்கால் கரையில் வண்டி ஓட்டிய முத்துலட்சுமி அக்கா

திங்கட்கிழமை காலை. கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். நம் வாட்ஸ்அப் குழுவில் முத்துலட்சுமி அக்காவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "வீட்டில் துக்கம். சாயங்காலம் எடுக்கிறோம்." அவ்வளவுதான். அவர் கணவர் சோலைமலை போய்விட்டார் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். 'அக்கா, தைரியமா இருங்க' என்று நான் எழுத, 'ஆண்டவர் உங்களுக்கு ஆறுதல் தருவார் அக்கா' என்று பசுமலை தேவசகாயம் சார் எழுத, பின்னாலேயே வரிசையாக எல்லோரும் எழுதினீர்கள். சற்று நேரத்தில் அதே எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எடுத்தால் சோலைமலையின் குரல்.

"மாப்ள, எல்லாருமா சேந்து அவளுக்கே ஆறுதல் சொல்லிட்டு இருக்கீங்க. போனது அவதான்யா."

சாவுச் செய்திக்கு முஸ்லிம்கள் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொல்ல வாயைத் திறந்தேன், பாதியில் நின்றுவிட்டது. அக்கா தூக்கத்திலேயே போயிருக்கிறார். விடிந்து வெகு நேரமாகியும் அடுப்படியில் சத்தம் இல்லையே என்று சோலைமலை மச்சான் போய் எழுப்பிப் பார்த்திருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸில் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பவர் மச்சான். அவரைச் சுமந்துகொண்டு போனவர் அக்கா. சுமந்தவர் முந்திக்கொள்வார் என்று யார் எதிர்பார்த்தது?

நம் குழுவை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி கார் வைத்திருப்பவர்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் குடும்ப வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் விளாங்குடியில் ஒரு டீக்கடை முன்னால் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, மைலேஜ், சர்வீஸ், சத்தம், நடுக்கம் என்று பேசித் தீர்ப்போம். கொடைக்கானலுக்குப் போவதைத் தவிர அந்த நாலு சக்கர இழுவைக்கு மதுரையில் வேலையே கிடையாது. தார் ரோட்டில் ஓட்டுவதற்கு எதற்கு இது என்று என் பீவி இன்றுவரை கேட்கிறாள். 

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அக்கா வந்து சேர்ந்தார். எங்கள் வண்டிகள் எல்லாம் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி பளபளத்து நின்றன. நடுவில் கதவுக் கைப்பிடிவரை சேறு அப்பிய ஒரு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து சுங்குடிச் சேலை கட்டிய, நல்ல குள்ளமான ஓர் அம்மாள் இறங்கினார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஓட்டி வந்தவர் யார் என்று வண்டிக்குள் எட்டிப் பார்த்தவர் தேவசகாயம் சார். அக்கா அதைக் கவனித்துவிட்டார். "உள்ள ஆரும் இல்ல சார், நானேதான்" என்றார். அப்போது நாங்கள் நாலு சக்கர இழுவைப் பட்டனை அழுத்தினால் டீசல் எவ்வளவு கூடுதலாகக் குடிக்கும் என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். யாருமே அதை அழுத்திப் பார்த்ததில்லை என்பது பேச்சில் வெளிவந்தது. அக்கா டீ கிளாஸை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "வாங்கிட்டு வந்து கும்பிட்டுட்டு இருக்கீகளா? மழ பெஞ்சா நான் அத அமுக்காம வாசலத் தாண்டுனதில்லையே."

அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் அக்கா. அவர் வீட்டுக்காரர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்பிள்ளை. சேர்ந்து சாப்பிடுவதற்கு முன்பே உறவு முறை ஆகிவிட்டது. ஆனால் மச்சானுக்கு உடம்புக்கு என்ன என்று வெகுநாள்வரை எங்களுக்குத் தெரியாது. வாடிப்பட்டிக்கு உள்ளே தென்னந்தோப்பு, வயல், அதன் நடுவில் வீடு, வீட்டுக்காரர் அவ்வளவாக வெளியே வருவதில்லை, இதுதான் நாங்கள் அறிந்தது. கொடைக்கானல் பயணத்துக்கு எத்தனை முறை கூப்பிட்டும் அக்கா வரவில்லை. சித்திரை வெயிலில்கூட ஏ.சி. போடாமல், கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு வேர்வையில் குளித்து ஓட்டுகிறாரே என்று, ரோட்டில் பார்த்துவிட்டு தேவசகாயம் சார் ஒருமுறை கிண்டல் செய்தார். "எனக்கு வேத்தாத்தான் வண்டி ஓட்டுன மாதிரி இருக்கும் சார்" என்று சொல்லி மழுப்பிவிட்டார்.

உண்மை தெரிய வந்தது ஓர் ஐப்பசி மழையில். அதற்குக் காரணம் இரண்டு டயர்கள்.

அக்காவுக்கு டிராக்டர் பழக்கம். மச்சான் நன்றாக இருந்த காலத்தில் டிராக்டரில் பக்கத்தில் உட்கார்ந்தே பழகியவர். காரில் முன் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன என்று, முன்னால் மட்டும் புதிது போட்டுவிட்டார். பின்னால் இருந்தவை பாதி தேய்ந்தவை. நம் வண்டியில் அது ஆகாது. முன்னும் பின்னும் சக்கரத்தின் சுற்றளவு வேறுபட்டால் வண்டிக்குள் இருக்கும் கணினி குழம்பிப்போய் மஞ்சள் விளக்கைப் போட்டு, நாலு சக்கர இழுவையையே நிறுத்திவிடும். நான் படித்துப் படித்துச் சொன்னேன். "டிராக்டருக்கு முன்னாடி சின்னது, பின்னாடி பெருசு. அது உழுகலையா? அதவிடவா இது பெரிய வண்டி?" என்று கேட்டார். அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் நம் தொண்டைத் தண்ணீர்தான் வற்றும். கோபத்தில் ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்காவிடமிருந்து போன்.

"தம்பி சிக்கந்தரு, ஒன் வண்டிய எடுத்துட்டு வர முடியுமா? நீ சொன்ன மஞ்ச வெளக்கு எரிஞ்சிருச்சுப்பா. பட்டன அமுக்குனா கேக்க மாட்டேங்குது."

"நான்தான் சொன்னேன்ல அக்கா" என்று ஆரம்பித்தேன்.

"வந்து திட்டு. இப்ப வா. ஒங்க மச்சான ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இன்னைக்கு ரத்தம் சுத்தம் பண்ணலேன்னா மூச்சு முட்டிரும்."

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். வாடிப்பட்டியில் தார் ரோடு முடியும் இடத்தில் அக்கா குடையோடு நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து வீடு வரை வாய்க்கால் கரைமேல் களிமண் பாதை. ஒரு பக்கம் முட்ட முட்ட ஓடும் தண்ணீர், மறுபக்கம் வயல். ஆட்டோக்காரர்கள் மழையில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்களாம். கார் வாங்குவதற்கு முன்னால் மச்சானை டிராக்டர் பெட்டியில் கட்டிலைப் போட்டு, தார்ப்பாய் மூடி, ரோடு வரை கொண்டுவருவார்களாம். பெட்டி குலுங்கும் குலுங்கலில் அவர் அழுதிருக்கிறார். மறுமாதமே அக்கா ஓட்டுநர் பயிற்சியில் போய்ச் சேர்ந்திருக்கிறார். இதையெல்லாம் அந்த மழையில் நின்றுகொண்டு, ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னார். டவுனுக்கே குடிவந்துவிடலாமே என்றேன். "அவருக்குத் தோப்புச் சத்தம் கேக்காட்டி தூக்கம் வராது தம்பி. வீட்ட மாத்துறதுக்கு வண்டிய மாத்துனாப் போச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

பிறகு செருப்பைக் கழற்றி என் வண்டிக்குள் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார். எதற்கு என்று கேட்டேன். "நம்ம காலு எம்புட்டுப் புதையுதுன்னு தெரியாம வண்டிய விடலாமா?" மழை பெய்த நாட்களில் எல்லாம் அவர் இப்படித்தான். முதலில் பாதை முழுவதும் வெறுங்காலில் நடந்து பார்ப்பார். திரும்பி நடந்து வந்து, அப்புறம்தான் வண்டியை எடுப்பார். அன்று நான் பின்னால் ஊர்ந்து வர, அவர் நடந்தார். கணுக்கால் புதைந்தால் வலது கையை ஆட்டுவார், நான் வலப்பக்கம் ஒதுங்குவேன். அந்தப் பட்டனை என் வாழ்நாளில் முதல்முறையாக அன்றைக்குத்தான் அழுத்தினேன். சக்கரங்கள் மண்ணைக் கவ்வி நகர்ந்தபோது எனக்கு உண்மையிலேயே மெய் சிலிர்த்தது. அதை அக்காவிடம் சொன்னதற்கு, "மொதல்ல ரோட்டப் பாரு" என்று வைதார்.

மச்சானைப் பின்சீட்டில் படுக்கவைத்து மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். திரும்பும்போது அவருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ரத்தம் வெளியே போய் வந்தபின் அவருக்குக் குளிர் எடுக்கும் என்றார் அக்கா. என் கை தானாகவே ஏ.சி.யை அணைத்தது. கண்ணாடியை ஏற்றினேன். சமயநல்லூர் தாண்டுவதற்குள் என் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தால் மச்சான் போர்வைக்குள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இறங்கும்போது அக்கா கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "குழுவுல சொல்லிராதப்பா. வண்டியப் பத்திப் பேசுற எடத்துல சீக்கப் பத்திப் பேசுனா நல்லாவா இருக்கும்? எனக்கு அந்த ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் சிரிக்கிற நாளு." நான் சொல்லவில்லை. பிறகு மச்சானே ஒருநாள் டீக்கடைக்கு வந்து, தானாகவே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பின்னால் இரண்டு டயரும் அந்த வாரமே மாறின. ஆனால் டிராக்டர் நியாயத்தை மட்டும் அக்கா கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

எடுத்த அன்று நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். தென்னந்தோப்புக்குள் ஒரே மாதிரி வண்டிகள் நிற்பதைப் பார்த்து, கார் கம்பெனிக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். அக்கா கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். மறுநாள் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அக்காவின் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். காலையில் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் புறப்படும்போது எனக்குப் போன் செய்தார். "அப்பா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்குறாரு அண்ணே. நீங்க சொன்னா கேப்பாரு." நான் போனபோது மச்சான் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. மழை இல்லாத மாதம். பாதை காய்ந்து கல்லாகக் கிடந்தது. எந்த ஆட்டோவும் வாசல் வரை வந்திருக்கும்.

"மச்சான், கெளம்புங்க."

"இனிமே வேணாம் மாப்ள. போதும். அவளே போய்ட்டா, நான் எதுக்கு ரத்தத்தக் கழுவிட்டு இருக்கணும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. துக்க வீடு என்று பார்க்கவில்லை. "அந்த மனுசி அம்புட்டுச் சேத்துலயும் வெறுங்கால்ல நடந்தது எதுக்கு? நீங்க இங்க கட்டில்ல உக்காந்து சாகுறதுக்கா?" என்று கத்தினேன். வீட்டுக்குள் இருந்த பெண்கள் வெளியே எட்டிப் பார்த்தார்கள்.   மச்சான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் என் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் அதைத் தாண்டி நடந்துபோய், அக்காவின் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். நான் உள்ளே போய்ச் சாவியை வாங்கி வந்தேன்.

அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு ஓட்டுநர் கதவைத் திறந்தேன். அக்காவுக்கு இருந்த உயரத்துக்கு அந்த சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு காலைக்கூட உள்ளே நுழைக்க இடமில்லை. சீட்டைத் தள்ளுவதற்காகக் கீழே கையை விட்டேன்.

"அத நகத்தாத மாப்ள."

நகர்த்தவில்லை. எப்படியோ உடம்பை மடக்கி உள்ளே நுழைந்தேன். வாய்க்கால் கரை தாண்டி, ரோடு ஏறி, மதுரையைப் பார்த்து மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங் முழங்காலில் இடித்தது.  பின்னால் மச்சான் அழுகிறாரா, தூங்குகிறாரா என்று கண்ணாடியில் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. விளாங்குடி வந்துவிட்டது.

"இடிக்குதா?" என்றார்.

"ஆமா மச்சான்."

கொஞ்ச தூரம் போனோம்.

"அடுத்த வாட்டி நகத்திக்க" என்றார்.

அடுத்த வாட்டி என்று அவர் வாயால் சொன்னார். அதன்பிறகு என்னால் அழாமல் ஓட்ட முடியவில்லை, ஓரமாக நிறுத்திவிட்டேன். அவரும் அவசரப்படுத்தவில்லை.

மச்சானின் இன்னொரு டயாலிசிஸ் நாளான வெள்ளிக்கிழமை எனக்கு ஜும்மா தொழுகை. அந்த நாளைத் தேவசகாயம் சார் எடுத்துக்கொண்டிருக்கிறார். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது செவ்வாய்க்கிழமைகளை. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.