கட்டையை அறுத்த துப்பாக்கி

மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம் இருக்கிறது. களவுக்குப் பயந்து, லைசென்ஸ் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தேன். பாத்திகளுக்கு நடுவே குறுகலான வரப்பில் அந்த நீளத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது பெரும் தொல்லை. அதனால் ஆசாரியிடம் கொடுத்து, தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டையை அறுத்துவிட்டுக் கைப்பிடி மட்டும் வைக்கச் சொன்னேன்.

"தோள்ல முட்டு இல்லன்னா குறி நிக்காதுங்க" என்றார் அவர்.

"ஆபத்துக்குச் சட்டுனு எடுக்கணும்பா, அது போதும்" என்றேன்.

போன கோடையில் ஒரு காலை, வெறிநாய் ஒன்று வரப்பில் ஓடி வந்தது. உப்பு சுமந்துகொண்டிருந்த பெண்கள் அலறிச் சிதறினார்கள். துப்பாக்கியை இடுப்போடு அணைத்து நாயை நோக்கிச் சுட்டேன். உப்புநீர் பட்ட கையில் பிடி வழுக்கிக் குழல் மேலே எகிறியது. நாய் தப்பி ஓடிவிட்டது. அது வந்த பக்கத்தில், தலையில் உப்புக்கூடையோடு நின்ற அஞ்சலை என்ற பெண், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் ஓடினேன்.

அவள் தன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "உப்புதாங்க கொட்டுது, ரத்தம் இல்ல" என்றாள்.

ஈயக் குண்டுகள் கூடை உப்பில் புதைந்திருந்தன. ஒரு சாண் இறங்கியிருந்தால்?

அன்றே துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். இப்போது தடியோடுதான் அளத்துக்குப் போகிறேன். களவு போனால் உப்புதானே போகும்!

அஞ்சலை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் வெயிலுக்கு நான் குடையை எடுத்தாலும், இன்றுவரை கூடையைப் போட்டுவிட்டுத் தலையைப் பொத்திக்கொள்கிறாள்.