தப்புன்னு சொன்ன சத்தம்

எங்க ஆன்லைன் குரூப்ல வாராவாரம் ஒரு பயிற்சி. கம்ப்யூட்டர்ல கிளிக் பண்ணிப் படிக்கிற மாதிரி ஒரு குட்டிப் பாடம் செஞ்சு போடணும். தப்பான பதிலுக்குப் பாடம் என்ன சொல்லணும்ங்கிறதுதான் இந்த வாரத் தலைப்பு.

நான் எடுத்தது, குழந்தைக்கு வயித்தால போனா என்ன செய்யணும்னு. தப்பா அமுக்கினா சிவப்புல 'தவறு'ன்னு வரும், கூடவே 'டொய்ங்'னு ஒரு சத்தம். மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கு, சத்தத்தை எடுத்துருன்னு குரூப்ல அம்புட்டுப் பேரும் சொன்னாங்க.

இன்னைக்கு சிம்மக்கல் பிரவுசிங் சென்டர்ல, ஜெராக்ஸ் எடுக்கிற உசிலம்பட்டி அக்காவை உக்கார வச்சுப் பாடத்தைக் காட்டினேன்.

முதல் கேள்வி, 'தண்ணி குடுக்கலாமா?'

அக்கா யோசிக்கவே இல்ல. 'குடுக்கக் கூடாது'ன்னு அமுக்கினாங்க.

டொய்ங்.

'உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணியை விடாம குடுக்கணும், இல்லன்னா உசுருக்கே ஆபத்து'ன்னு கீழே விளக்கம் வந்துச்சு. அதை ரெண்டு தடவை வாசிச்சாங்க. மவுஸ்லருந்து கையை எடுக்கல.

"தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு எல்லாரும் சொன்னாங்க தம்பி. எம்மூத்த மக தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் குடுக்கல. மறுநாள் போயிட்டா."

"சத்தத்தை எடுத்துர்றேன்க்கா"ன்னேன்.

"எடுத்துராத தம்பி. அன்னைக்கு இப்படி ஒரு சத்தம் வரலையே."

சத்தத்தோடயே போட்டுட்டேன். மூஞ்சியில அடிக்குதுன்னவங்க இப்பச் சொல்லுங்க, எடுக்கவா?