இருபத்தோராவது பெயர்

‘இளம் ஆட்டக்காரர்களைத் தம் சொந்தப் பிள்ளைகளாக எண்ணி முப்பது ஆண்டுகள் காத்து நின்றவர், எந்த ஆட்டக்காரரைப் பற்றியும் ஒரு தீச்சொல் சொல்லாதவர், குன்சான் நாரைகளின் காவலர் திரு. போங் தொக்சு அவர்களுக்கு ரசிகர் மன்றம் நன்றியுடன் வழங்குவது.’

கண்ணாடிக் கேடயத்தில் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறது. மியோங்ஜாவின் கோழிக்கடைச் சுவரில், பீர் விலைப்பட்டியலுக்கும் தீயணைக்கும் குழாய்க்கும் நடுவே அது தொங்குகிறது. வீட்டில் மாட்டுவதற்குப் போங்கின் மனைவி இடம் தரவில்லை. ‘தீச்சொல் சொல்லாதவர்’ என்ற இடம் வந்ததும் அவள் சிரிக்கத் தொடங்கினாளாம். இரவுச் சாப்பாடு முடிந்தும் நிறுத்தவில்லையாம்.

போங்குக்கு ஐம்பத்தேழு வயது. துறைமுகச் சாலையில் உள்ள ஒரு மூட்டு மருத்துவமனையில், பிசியோதெரபி அறையைக் கவனித்துக்கொள்கிறார். வெந்நீர்ப் பை வைப்பது, மின் பட்டை ஒட்டுவது, பதினைந்து நிமிடம் ஆனதும் எடுப்பது, இவைதாம் வேலை. அவருக்குக் கீழே யாரும் கிடையாது. அதனால் எல்லோரும் அவரை மேனேஜர் என்று அழைப்பார்கள். எங்கள் ஊர் குன்சானின் பேஸ்பால் அணிதான் நாரைகள்; அதன் ரசிகர்களுக்கு அவர் அதைவிடப் பெரியவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் அணியின் மூன்றாம் தளத்து ஆட்டக்காரர் தொடைத்தசை கிழிந்து விழுவதற்கு ஒரு வாரம் முன்பே, “ஒருத்தர் இங்கே வந்துபோனார், அவ்வளவுதான் சொல்ல முடியும்” என்று ரசிகர்களின் இணையதளத்தில் எழுதியவர் அவர். உண்மையில் அந்த ஆட்டக்காரர் தன் அம்மாவின் முட்டிவலி மாத்திரைக்காக வந்திருந்தார். தசை கிழிந்தது தற்செயல். தற்செயலால் கிடைத்த பெயர் எளிதில் போவதில்லை; அதற்கு அடுத்த நாள் முதல் போங் எழுதுவது எங்கள் ஊரில் மருத்துவ அறிக்கை.

குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாது. பேச்சு மட்டும்தான். அதற்கு எங்களிடையே அடுப்பு லீக் என்று பெயர். போங், டாக்ஸி ஓட்டும் தாக் யோங்பே, பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தும் நான், ஆக மூவரும் நவம்பர் தொடங்கினால் மியோங்ஜாவின் கடையில்தான் இருப்போம். அடுத்த ஆண்டு அணியை எப்படிக் கட்டுவது என்பதில் மூவருக்கும் மூன்று கொள்கை. தாக்குக்கு நன்றி முக்கியம்: அணிக்காக உழைத்த கிழவர்களை வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சிக்கனம் முக்கியம். போங்குக்கு எதிரியை ஏமாற்றுவது முக்கியம். நல்ல ஆளைச் சேர்ப்பதைவிட, தன்னிடம் நல்ல ஆள் இருப்பதை எதிரிக்குத் தெரியாமல் வைப்பதே அணி கட்டும் கலை என்பார்.

அந்த ஆண்டு நாரைகள் அணி, தலைநகரின் ஓநாய்கள் அணியிலிருந்து எம் கூக்சோல் என்ற பெரிய மட்டைக்காரரை இழுத்துக்கொண்டது. அப்படி இழுத்தால் ஈடாக ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். நாம் இருபது பேரைக் காப்புப் பட்டியலில் எழுதலாம், அவர்களைத் தொடக்கூடாது. மீதி உள்ளவர்களில் ஒருவரை ஓநாய்கள் மூன்று நாளுக்குள் எடுத்துக்கொள்ளும். பட்டியல் எப்போதும் வெளியே வராது. அதனால்தான் அது எங்களுக்குப் பிடித்த விளையாட்டு. கோழிக்கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் ஆளுக்கு இருபது பெயர் எழுதுவோம். உண்மைப் பட்டியல் தெரியாததால் இத்தனை ஆண்டுகளில் எங்களில் யாரும் தோற்றதில்லை.

அன்று மாலை தாக் முதல் பெயராகச் சொக் மான்சுவை எழுதினார். மான்சுவுக்கு வயது முப்பத்தெட்டு.

“அவரு இல்லாத லிஸ்டு ஒரு லிஸ்டாண்ணே? பதினாறு வருஷம் நமக்காக ஓடின காலு அது.”

“ஓடின காலுதான். இப்ப அது நடந்தாலே கைதட்டணும்,” என்றார் போங். “வெளிய விடு. ஓநாய்ங்க வந்து மோந்து பாத்துட்டு, பாவம்னு விட்டுட்டுப் போயிரும்.”

இப்படிப் பதினெட்டு வரை கிண்டல்தான், பெரிய சண்டை வராது. பத்தொன்பதிலும் இருபதிலும்தான் கோழி ஆறிப்போகும். அந்த ஆண்டு இருபதாவது இடத்துக்கு மூவரும் எழுதிய பெயர் ஒன்றே: யோம் இன்ஹோ. இருபத்து நான்கு வயது இடக்கை வீச்சாளர். இந்தக் கடைக்கார மியோங்ஜாவின் ஒரே மகன். பள்ளிச் சீருடையில் இதே மேசையில் வீட்டுப்பாடம் எழுதியவன். அவனைக் காப்பாற்றினோம் என்று அவள் காதில் விழும்படி போங் பெயரைச் சற்று உரக்கவே படித்தார்.

மியோங்ஜா முள்ளங்கி ஊறுகாய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு நின்றாள். “எம் புள்ளைய அதுல போடாதீங்க.”

மூவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

“இங்க இடக்கை ஆளு அஞ்சு பேரு. இவன் ஆறாவது. நாலு வருஷத்துல பெரிய டீமுக்குக் கூப்பிட்டு வீசச் சொன்னது மொத்தம் பதினோரு இன்னிங்ஸ். ஓநாய்ங்ககிட்ட ஒரே ஒருத்தரு. அவருக்கும் வயசு முப்பத்தேழு. அங்க போனா ஏப்ரல்லயே மைதானத்துல நிப்பான்.”

எங்கள் மூவரின் கொள்கைகளையும்விட அது நல்ல கணக்கு. ஆனால் கணக்குச் சரியாக இருப்பது வேறு, குன்சானில் பிறந்த பிள்ளை ஓநாய்ச் சட்டை போடுவது வேறு. தாக் குடிப்பதை நிறுத்திவிட்டார். போங்தான் சிரித்துப் பேசினார்.

“இன்ஹோ அம்மா, ஊரை விட்டுட்டுப் போனா புள்ளைக்குச் சோறு இறங்குமா?”

“இங்க இருந்தும் இறங்கல, மேனேஜர். எங்கூட உக்காந்து சாப்பிட்டு ரெண்டு வருஷமாச்சு.” பிறகு, சந்தோஷத்தை அடக்கத் தெரியாதவர்கள் செய்யும் தவறை அவளும் செய்தாள். “கோச் அவனைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்காரு, இந்த மூணு நாளும் போனை அணைக்காதன்னு. வெளிய சொல்லிறாதீங்க.”

அதாவது அவன் பட்டியலில் இல்லை. இருபத்தோராவது ஆள்.

அவள் எண்ணெய்ச் சட்டிக்குத் திரும்பியதும் போங் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததாக நான் எழுதினால் பொய். முப்பது ஆண்டுகளாகப் பேச்சில் மட்டும் அணியை நடத்தியவருக்கு, முதல்முறையாகக் கையில் ஒரு வேலை கிடைத்திருந்தது.

“பையன் எங்கயும் போகமாட்டான். நல்ல பழத்துமேல கொஞ்சம் சேறு பூசிட்டா எவனும் தொடமாட்டான்.”

தாக் மெதுவாகக் கேட்டார். “எதுலண்ணே பூசறது?”

“முழங்கைல.”

“அது அவனுக்குச் சோறு போடற கையாச்சே.”

“மூணு நாளுதான். நாலாவது நாளு நானே எழுதறேன், சரியாயிருச்சுன்னு. அவனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. அவங்கம்மாவுக்கு இப்பப் புரியாது.”

நான் சரித்திர ஆசிரியன். பெரிய அநியாயங்களுக்கு முன்னால் சிறிய அறையில் மூன்று பேர் பேசிக்கொள்வார்கள் என்று ஆண்டுதோறும் மாணவிகளுக்குச் சொல்பவன். அன்று கோழித்தொடையைக் கடித்துக்கொண்டு, “பெயரைப் போடாமல் எழுதுங்கள், அதுதான் பாதுகாப்பு” என்று ஆலோசனை சொன்னேன்.

மறுநாள், மதிய உணவு நேரத்தில், பிசியோதெரபி அறையில் வெந்நீர்ப் பைகள் சூடாகிக்கொண்டிருக்கையில் போங் எழுதினார்: ‘நம் ஊரின் இளைய இடக்கை ஒன்று இன்று எங்கள் ஸ்கேன் அறைக்குள் போனது. வெளியே வந்த முகத்தைப் பார்த்தேன். இதற்குமேல் சொல்ல எனக்கு உரிமையில்லை. வேண்டிக்கொள்ளுங்கள்.’

ஊரில் பிறந்த இளைய இடக்கை ஒன்றுதான். ஒரு மணி நேரத்தில் நானூறு பேர் வேண்டிக்கொண்டார்கள். மாலைக்குள் ஒரு விளையாட்டு நாளிதழ் ‘மருத்துவக் கவலை’ என்று தலைப்பிட்டது. மூன்றாம் நாள் ஓநாய்கள் அணி எங்களிடமிருந்து ஒரு மாற்று ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டது. தரையோடு பந்தைத் தட்டிவிடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆள் அவர்.

அன்று கடையில் கொண்டாட்டம். போங் எல்லா மேசைகளுக்கும் பீர் வாங்கிக் கொடுத்தார். மியோங்ஜா ஊற்றினாள். போன் அடிக்காத மூன்று நாள் அவள் முகத்தில் அப்படியே இருந்தது. “அந்த ஆண்டவன் நம்ம ஊருக்குத்தான் உன் புள்ளைய எழுதி வச்சிருக்காரு, இன்ஹோ அம்மா,” என்றார் போங். அவள் தலையாட்டினாள்.

நாங்கள் ஒன்றை மறந்திருந்தோம். இணையதளத்தை ஓநாய்கள் மட்டும் படிப்பதில்லை.

நாரைகள் அலுவலகம் இன்ஹோவைக் கூப்பிட்டது. அணிக்குச் சொல்லாமல் வெளியே ஏன் ஸ்கேன் எடுத்தாய் என்று கேட்டார்கள். எடுக்கவில்லை என்றான். முழங்கை கெட்ட வீச்சாளர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அவர்களின் அனுபவம். அணி மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத படத்தைப் பார்த்து, “இதுவரை ஒன்றும் இல்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டார். மாதக் கடைசியில், அடுத்த ஆண்டுக்கு யாரை வைத்துக்கொள்வது என்று ஒவ்வோர் அணியும் தெரிவிக்க வேண்டிய நாள் வந்தது. ஆறாவது இடக்கைக்கு, அதுவும் உண்மை பேசாத இடக்கைக்கு, அங்கே இடம் இல்லை. மற்ற அணிகளுக்கு அவன் தானே போன் செய்தான். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். எல்லோரும் முழங்கையைப் பற்றி விசாரித்தார்கள்.

நாலாவது நாள் எழுதுவதாகச் சொன்ன வரியைப் போங் எழுதவில்லை. சரியாகிவிட்டது என்று எழுதினால் கெட்டிருந்தது எப்படி என்று கேட்பார்கள். பொய் என்று எழுதினால் போங் எழுதியது எல்லாம் பொய்யாகிவிடும். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றார். போனது.

டிசம்பர் முதல் வாரத்தில் இன்ஹோ மருத்துவமனைக்கே வந்தான். எழுதியவர் யார் என்பது ஊருக்கே தெரியும். அன்று என் இடுப்பில் மின் பட்டை ஒட்டியிருந்தது. குப்புறப் படுத்திருந்த என்னை அவன் கவனிக்கவில்லை. எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான்.

“மாமா, ஒரே ஒரு வரி எழுதுங்க. நான் இங்க வரலன்னு. வேற ஒண்ணும் வேணாம். ஒரு டீம்ல ஜனவரியில வந்து வீசிக் காட்டச் சொல்றாங்க, அந்தப் பேச்சு மட்டும் தீரணுமாம்.”

போங் நெடுநேரம் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றினார்.

“தம்பி, நோயாளிங்க ரகசியம்னு ஒரு சட்டம் இருக்கு. இங்க யாரு வந்தாங்கன்னும் நான் சொல்லக்கூடாது, யாரு வரலன்னும் சொல்லக்கூடாது. வேலை போயிரும்.”

“சொன்னீங்களே மாமா.”

“பேரு சொல்லல.” பிறகு கனிவாக, “வந்ததுதான் வந்த, படு. ஒரு பை வச்சு விடறேன். அந்தக் கைக்கு நல்லது,” என்றார்.

என் பட்டையின் நேரம் முடிந்து மணி அடித்தது. நான் அசையாமல் படுத்திருந்தேன். காலடிச் சத்தம் போனபின் போங் வந்து பட்டையை உரித்தார். நான் கேட்காமலே சொன்னார்: “ஏதோ இருந்திருக்கும், சார். இல்லைன்னா டீமே ஏன் விடுது?” அவர் நடிக்கவில்லை. தான் பூசிய சேற்றைத் தானே அழுகல் என்று நம்பத் தொடங்கியிருந்தார்.

நம்பியவர் அவர் மட்டும் அல்லர். மியோங்ஜாவும் நம்பினாள். நான் போகவே இல்லை அம்மா என்று மகன் சொன்னபோது, “முப்பது வருஷமா இந்த டீமுக்காக உசுர விடற மனுஷன், உம்மேல பொய்யா சொல்லப்போறாரு? அவருக்குத் தெரிஞ்சது பெத்தவளுக்குத் தெரியலையே, அதான்டா எனக்கு வலிக்குது” என்றாளாம். இதை அவளே எங்கள் மேசையில் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, சரியான நேரத்தில் கண்டுபிடித்ததற்காகப் போங்குக்கு நன்றி சொன்னாள். தாக் ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊறுகாயைப் பார்க்கும் தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டு இறுதி விருந்தில் ரசிகர் மன்றம் போங்குக்குக் கேடயம் கொடுத்தது. எம் கூக்சோலைப் பெற்று, ஈடாக அந்தத் தரையோடு தட்டும் ஆளைக் கொடுத்ததில் அவருக்குப் பங்கு உண்டு என்று மன்றத் தலைவர் கண்ணடித்துப் பேசினார். பாராட்டுரையை எழுதித் தரும்படி, வரலாறு படித்தவன் என்பதால், என்னைக் கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன்.

எம் கூக்சோல் அடுத்த மே மாதம் கணுக்கால் முறிந்து படுத்தார். இடக்கை ஐவரில் இருவருக்கு அறுவை சிகிச்சை. ஜூலையில் நாரைகள் கடைசி இடத்தில் இருந்தபோது, எங்கள் மேசையில் பேச்சு ஒன்றுதான்: கூடுதலாக ஓர் இடக்கைகூட இல்லாமல் இந்த நிர்வாகம் எப்படித்தான் அணியைக் கட்டுகிறதோ என்று. அதை ஆரம்பித்தவர் போங்.

இன்ஹோ இப்போது கடையின் மோட்டார் சைக்கிளில் கோழி கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தாக்கின் டாக்ஸி ஓட்டுநர் அணிக்கு ஆடுகிறான். பொழுதுபோக்கு லீக்கில், தொழில்முறை அணியில் இருந்தவர்கள் பந்து வீசக்கூடாது என்பது விதி. வேகம் தாங்காமல் சாதாரண மனிதர்களுக்கு அடிபடுமாம். ஆகவே முதல் தளத்தில் நிற்கிறான். ஒருமுறை ஆட்டத்துக்கு முன், யாரும் மட்டையோடு இல்லாதபோது, வெறுமனே நான்கு பந்து வீசினான். பிடித்தவர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை ஊதிக்கொண்டார். வேலிக்கு வெளியே நின்ற போங், “பாத்தீங்களா, அந்த முழங்கை மட்டும் நல்லா இருந்திருந்தா” என்று பெருமூச்சு விட்டார்.

அந்த முழங்கை நன்றாகத்தான் இருந்தது. இன்ஹோ அந்த மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்ததே இல்லை. நவம்பர் பத்தொன்பதாம் தேதி மதியம், வந்தான் என்று எழுதியவர் போங் தொக்சு.