கணவரின் நிப்பைத் திருப்பி அனுப்புகிறவள்

மிசாவோவுக்கு எதுவும் முதல் தடவையிலேயே பிடித்துப்போனதாகச் சரித்திரம் கிடையாது. டோஃபு என்னும் சோயாப் பன்னீர் விற்கும் கடையில் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் கட்டியை வேண்டாம் என்று சொல்லித் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கட்டியைக் கேட்பாள். அதையும் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்ப்பாள். மகள் தான் காதலித்தவனை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, அவன் வாசலில் ஷூவைக் கழற்றி வைத்த அழகைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, கொஞ்சம் தேய்ச்சா சரியாயிடுவான்" என்றாள். பாவம், அந்தப் பையன் இன்றுவரை அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பிழைப்பு அப்படி. அந்தத் துறைமுக ஊரின் பேனா கம்பெனியில் கடைசி மேசை அவளுடையது. ஒரு பேனாவின் விலை ஒருவருடைய மாதச் சம்பளத்தை முழுசாக விழுங்கும். மேலே அரக்குப் பூச்சு, அதன்மேல் தங்கப்பொடியில் கொக்கு, நிலா, அலை என்று அமர்க்களமாக இருக்கும். ஆனால் நிப்பு காகிதத்தில் கீறினால் கொக்கும் நிலாவும் யாருக்கு வேண்டும்? அதனால் ஒவ்வொரு நிப்பையும் மையில் தோய்த்து, 'நிரந்தரம்' என்று பொருள்படும் ஒற்றை ஜப்பானிய எழுத்தை அவள் எழுதிப் பார்ப்பாள். புள்ளி, கோடு, கொக்கி, சரிவு என்று கைக்கு உண்டான அத்தனை வேலையும் அந்த ஓர் எழுத்துக்குள் அடக்கம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, படுத்துக் கிடக்கும் எட்டு எண்ணைப் போலக் காகிதத்தில் சுழற்றுவாள். வழுக்கிக்கொண்டு போனால் நீலத் தட்டு, கீறினால் சிவப்புத் தட்டு. காலையிலிருந்து மாலைவரை 'நிரந்தரம், நிரந்தரம்' என்று எழுதுகிறவளுக்கு எதன்மேலும் சட்டென்று நம்பிக்கை வராது.

சுவருக்கு அந்தப் பக்கம் தங்க நிப்புகளுக்கு முனை தேய்த்துக் கொடுப்பவர் தெய்ஜி. மிசாவோவின் கணவர். சாணைச் சக்கரத்தில் நிப்பை ஒரு நொடி காட்டி எடுப்பார், லென்ஸில் பார்ப்பார், மறுபடி காட்டுவார். யார் தேய்த்த நிப்பு என்பது சோதிக்கிறவருக்குத் தெரியக்கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி உண்டு. தட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். தங்க நிப்பு தேய்க்க தெய்ஜியைத் தவிர வேறு ஆளே இல்லை என்பதற்காக அந்த விதியை யாரும் மாற்றவில்லை.

மிசாவோவும் தயவு காட்டியதில்லை. கல்யாணமான மறுநாளே அவருடைய நிப்பு ஒன்றைத் திருப்பி அனுப்பியவள் அவள். மாதத்துக்கு இரண்டோ மூன்றோ சிவப்புத் தட்டில் போகும். அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கித் தேய்ப்பார். வீட்டில் நிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று இருவருக்கும் ஒப்பந்தம். குடும்பம் ஓடியதே அதனால்தான்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் நாற்காலி வந்தது. அலுவலக மேலாளர் குரிஹாரா, ஊழியர்களின் முதுகைக் காப்பாற்றியே தீருவது என்று கிளம்பியிருந்தார்.

"மிசாவோ சான், இது முதுகெலும்புக்குன்னே செஞ்ச நாற்காலி."

"என் முதுகெலும்பு உங்ககிட்ட வந்து அழுதுச்சா?"

"எல்லாருக்கும்தான் குடுக்கறோம். இப்படி உக்காந்து, இந்த லீவரை இழுத்தா போதும், பாருங்க."

குரிஹாரா நெட்டை மனிதர். லீவரை இழுத்து, தன் கால் நீளத்துக்கு உயர்ந்து காட்டிவிட்டு, அப்படியே இறங்கிப் போய்விட்டார். மிசாவோ ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. எப்படி இறக்குவது என்று கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் அவள் மிசாவோ ஆவாளா? ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துக் காலுக்கு அடியில் போட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், உயரத்திலிருந்து எல்லோரையும் பார்ப்பது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அன்றிலிருந்து சிவப்புத் தட்டு நிரம்பத் தொடங்கியது. வந்த நிப்பெல்லாம் கீறின. தெய்ஜி திரும்பத் தேய்த்து அனுப்பியதும் கீறியது. நீலத் தட்டில் தூசி படிந்தது. 'மனுஷருக்கு என்ன ஆயிற்று, வேலையில் கவனமே இல்லையே' என்று மிசாவோவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டில் அவர் மாலையில் குடிக்கும் சாக்கே மதுவை நிறுத்திவிட்டு, வெந்நீரில் விரல்களை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடிக்குமே என்று சிப்பி வறுத்து வைத்தாள். அதை அப்படியே தள்ளி வைத்தார். ஒப்பந்தம் இருக்கிறதே, என்னவென்று கேட்க முடியவில்லை.

கடைசியில் குரிஹாராதான் வந்து சொன்னார். "தெய்ஜி சான் புது வருஷத்தோட நின்னுக்கறேன்னுட்டார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு வீட்டில் ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, நின்னுக்கப் போறீங்களாமே?"

"கை போயிடுச்சு மிசாவோ."

"யார் சொன்னா?"

"நீதான். தெனமும் தட்டுத் தட்டா சொல்லி அனுப்பறியே."

"உங்க மேசையில எழுதிப் பாக்கறீங்களா இல்லையா?"

"பாக்கறேன். ஒண்ணு ரெண்டைத் தவிர எல்லாம் வழுக்கிக்கிட்டுத்தான் போகுது. அதான் பயமா இருக்கு. கீறுறதுகூட எனக்குத் தெரியலன்னா, அப்புறம் என்ன மிச்சம்?"

அவர் தூங்கப் போய்விட்டார். தன் விரல் சொன்னதைவிட மனைவியின் விரல் சொன்னதை நம்புகிற மனிதரை என்ன செய்வது? மிசாவோ தாழ்வான மேசைமுன் தரையில் உட்கார்ந்து, புத்தாண்டு வாழ்த்து அட்டைகளை எழுத ஆரம்பித்தாள். கையிலிருந்த பேனாவில் இருந்தது, கல்யாணமான வருஷம் அவர் தேய்த்துக் கொடுத்த நிப்பு. இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. 'இப்படித் தேய்த்த கைக்கா இந்தக் கதி' என்று நினைத்தபோது மூக்கில் நீர் வந்து ஓர் அட்டை வீணாய்ப் போனது.

மறுநாள் அந்தப் பேனாவையே கம்பெனிக்கு எடுத்துப் போனாள், மாதிரிக்கு அவரிடம் அனுப்பலாம் என்று. ஆனால் சோதிக்காமல் ஒரு பேனாவும் அவள் மேசையைத் தாண்டியதில்லை. நாற்காலியில் ஏறி, பெட்டிமேல் காலை வைத்து, 'நிரந்தரம்' என்று எழுதினாள். கீறியது. கை பழக்க தோஷத்தில் அதைத் தூக்கிச் சிவப்புத் தட்டில் போட்டுவிட்டது.

போட்ட பிறகுதான் உறைத்தது. நேற்று வெண்ணெயாக எழுதிய பேனா! இறங்கி, மூலையில் கிடந்த தன் பழைய முக்காலியை இழுத்துப் போட்டு எழுதிப் பார்த்தாள். வழுக்கியது. நாற்காலியில் ஏறினால் கீறியது, முக்காலிக்கு வந்தால் வழுக்கியது. இரண்டு மூன்று தடவை அவள் ஏறி இறங்குவதைப் பார்த்து, உடற்பயிற்சி செய்கிறாளாக்கும் என்று குரிஹாரா மகிழ்ந்துபோய் அருகே வந்தார்.

விஷயம் இவ்வளவுதான். பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதுகிற கைக்காகவே தெய்ஜி முனை தேய்ப்பார். உயரத்தில் உட்கார்ந்தவள் கையில் பேனா கம்பமாக நிமிர்ந்து நின்றது. அப்படி நிறுத்தி எழுதினால் முனையின் ஓரம் காகிதத்தைச் சுரண்டத்தானே செய்யும்.

"இது கீழ எறங்காதா?" என்று குரிஹாராவைக் கேட்டாள்.

"அதே லீவரை அமுக்கினா எறங்குமே. நீங்க கேக்கவே இல்லையே!"

மிசாவோ சிவப்புத் தட்டுகளை எல்லாம் எடுத்து, முக்காலியில் உட்கார்ந்து, முதலிலிருந்து சோதித்தாள். ஒவ்வொன்றாக நீலத் தட்டுக்குப் போயின. எல்லாமே அருமையான நிப்புகள். ஒவ்வொன்றும் அவள் கன்னத்தில் ஓர் அறை. மாலையில் இரண்டு மட்டும் மிஞ்சின. எந்தக் கோணத்தில் பிடித்தாலும் அவை கீறின. இன்றைக்கு ஒருநாள் இவற்றையும் நீலத்தில் போட்டால்தான் என்ன? மனுஷர் நொந்து கிடக்கிறார். கை நீலத் தட்டின் விளிம்புவரை போய்த் திரும்பி வந்தது.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். தெய்ஜி தன் கருவிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர்முன் இடுப்பு மடியக் குனிந்தாள்.

"தப்பு என் மேலதாங்க. நாற்காலி உசரம். உங்க கைக்கு ஒண்ணும் ஆகல."

நாற்காலிக் கதை முழுவதையும் அவர் கேட்டுக்கொண்டார். முகம் மலரவில்லை.

"அப்ப எல்லாமே நல்லாத்தான் இருக்கா?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

"எல்லாம் இல்ல. ரெண்டு தேறல." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

தெய்ஜி இரண்டையும் வாங்கி, லென்ஸ்கூட இல்லாமல் கட்டைவிரலால் தடவினார். "இந்த ரெண்டும்தான் எனக்கும் உறுத்துச்சு. வழவழன்னு இருந்ததே திரும்பி வருதேன்னு கொழம்பிப்போய் இதையும் சேர்த்து அனுப்பிட்டேன். இதையும் நீ நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா, பரிதாபப்பட்டுச் சொல்றேன்னு நெனச்சுக் கெளம்பியிருப்பேன்."

மிசாவோ நிமிர்ந்தாள்.

"பரிதாபமா? உங்க மேலயா? நாளைக்குக் காலையில ரெண்டும் என் மேசைக்கு வரணும்."

தெய்ஜி துணியைப் பிரித்தார்.