கள்ளி பூத்த மலையில் தனியே நடந்தவர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இத்தாலியின் பலேர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. யோகம் அக்கா வேலை செய்த வீட்டு எசமானி அம்மாவின், சிஞ்ஞோராவின், மகள் பேசினார். பேசினார் என்பதைவிட அழுதார் என்பதே சரி. கோப்பி போட்டுக்கொண்டிருந்த அக்கா நெஞ்சைப் பிடித்தபடி கதிரையில் உட்கார்ந்தாராம், பிறகு எழும்பவேயில்லையாம். அவருக்கு வயது நாற்பத்தாறு. சாகிற வயதா அது? எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை பிறகுதான் வந்தது.

சிவயோகம் என்பது அவருடைய முழுப் பெயர். வடமராட்சிக்காரர். இந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பலேர்மோவுக்கு வந்து, ஒரே சிஞ்ஞோராவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்து என் அறையில்தான் தங்குவார். ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லும் என்னைப் போன்றவரல்லர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், அதையும் நேராகச் சொல்வார். "இந்தச் சேலை எனக்கு எப்பிடியிருக்கு?" என்று அவரிடம் கேட்டு மனம் நொந்தவர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

நாங்கள் சைவக்காரர்கள் என்றாலும், பெல்லெகிரினோ மலையின் குகைக் கோயிலில் இருக்கும் கத்தோலிக்கப் புனிதையிடம் போகாத தமிழர் இங்கே குறைவு. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைக்க வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும், தம்பி உயிரோடு வந்துசேர வேண்டும் என்று நேர்த்தி வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுவோம். அக்காவும் வந்த புதிதில் எங்களோடு ஏறி மெழுகுதிரி கொளுத்தினார். திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் பக்கமே பார்க்கவில்லை. மலையின் மறுபுறத்தில், மொந்தெல்லோ கடற்கரையை நோக்கி இறங்கும் வறண்ட கற்சரிவையே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழன் அரைநாள் லீவில் அங்கே தனியாகப் போய்விட்டு, விரலெல்லாம் முள்ளோடு வந்து நின்றார். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

"கள்ளியைக் கட்டிப்பிடிச்சனீங்களோ?"

"பூவைத் தொட்டுப் பார்த்தனான். அது என்னை விடேல்லை" என்றார்.

இந்த ஊர்க்காரர் அந்தக் கள்ளிப் பழத்தை 'இந்திய அத்தி' என்பார்கள். உன் ஊர்ச் செடிதானே என்று சிஞ்ஞோரா கேட்டபோது, "இருக்கலாம். ஆனால் எனக்கு முதலே வந்து பெர்மெஸ்ஸோ எடுத்திட்டுது" என்றாராம். சிஞ்ஞோரா அன்று முழுவதும் சிரித்தாராம்.

அந்தச் சரிவைப் 'பாலைவனம்' என்றே அக்கா அழைத்தார். போத்தலில் தண்ணீர், முட்டை வைத்த பாண், சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற கணவருடைய பழைய தொப்பி: இவ்வளவுதான் பயண ஆயத்தம். வசந்தம் முற்றி வைகாசி பிறந்தால் அவரைப் பிடிக்க முடியாது. கள்ளிமடல்களின் விளிம்பெல்லாம் பூ. முதல் நாள் மஞ்சளாக விரிந்த பூ மறுநாள் செம்மஞ்சளாகிவிடும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். பூவுக்குள் வண்டு புரண்டு எழும்புவதையும், பாறையில் ஓணான் தலையாட்டுவதையும், வல்லூறு செங்குத்தாக விழுந்து புறாவைப் பிடிப்பதையும் அவர் சொல்லக் கேட்டால், பேச்சுக் குறைந்த அக்காதானா இது என்று தோன்றும். ஒருமுறை கள்ளிப் புதருக்குள்ளிருந்து ஒரு நரி, இரண்டு குட்டிகளோடு வெளியே வந்ததாம்.

"பயப்பிடேல்லையோ?" என்று கேட்டேன்.

"அது என்னைப் பார்த்திது. நானும் பார்த்தன். பிறகு அது தன்ரை பாட்டிலை போச்சுது, நான் என்ரை பாட்டிலை வந்தன்."

நானும் வருகிறேன் என்று ஒருநாள் கெஞ்சினேன். "நீ வந்தா நரி ஓடியிடும். வாய் மூடாமல் கதைப்பாய்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

ஊர் சும்மா இருக்குமா? கல்யாணமாகாத பெண், தனியாக, ஆளில்லாத மலைக்கு, வாரம் தவறாமல் என்னத்துக்குப் போகிறாள் என்று பல்லரோ சந்தையில் மரக்கறி வாங்குகிற இடமெல்லாம் கதை நடந்தது. அந்த நேரத்தில்தான் சம்பந்தம் ஒன்று வந்தது. சியாகுல்லியில் தோடம்பழத் தோட்டங்களில் வேலை செய்த, மனைவியை இழந்த ஒருவர். நல்ல மனிதர். சந்தையில் அவர் அக்காவுக்குக் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக் கொடுத்தபோது அக்கா முகம் சிவந்ததை நான் கண்டேன். பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு "ஓம்" என்றார். அவர் ஓம் என்றால் ஓம்தான்.

மாப்பிள்ளையின் தமக்கை பலகாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்து, ஊர்ப் புதினம் கதைத்து, கடைசியில் அக்காவிடம் மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, வியாழக்கிழமையிலை மலைக்குப் போறனீராம். நேர்த்திதானே?"

அந்த அம்மா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தப்புவதற்கு வழி திறந்துவிட்டார். ஓம் என்ற ஒரு சொல்லோடு எல்லாக் கதையும் அடங்கி, ஊர்சுற்றி என்ற பெயர் போய்ப் பக்தை என்ற பெயர் வந்திருக்கும். நான் மேசைக்குக் கீழே அக்காவின் காலை மிதித்தேன்.

"இல்லை அக்கா. சும்மா நடக்கப் போறனான்."

"சும்மாவோ? தனியவோ?"

"ஓம். கள்ளி பூத்திருக்கு. பார்க்க ஆசை."

கிழமை முடியுமுன் சம்பந்தம் சரிவராது என்று சொல்லியனுப்பினார்கள். அக்கா அழுதார். அதை மறைக்க வேண்டியதில்லை, ஆசைப்பட்டவர் அழத்தானே செய்வார். எனக்கோ கோபம் தாங்கவில்லை. ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கத்தினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னதை நான் சாகும்வரை மறவேன்.

"ஊரிலை பக்கத்து இடத்துக்குப் போறதெண்டாலும் பாஸ் எடுக்கவேணும். ஏன் போறாய், ஆரிட்டைப் போறாய் எண்டு துவக்கோடை நிண்டவையெல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லியே என்ரை இளமை போச்சுது. இஞ்சை அந்தக் கல்லுக்குள்ளை நடக்கேக்கைதான் ஆரும் கேக்காமல் நடக்கிறன். அதுக்கும் நேர்த்தி எண்டு ஒரு பாஸ் எடுக்கச் சொல்லுறியே?"

அடுத்த வியாழன் மழை தூறியது. நானே தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அந்த மனிதர் பிறகு வேறிடத்தில் மணமுடித்து நன்றாக இருக்கிறார். அவரைப் பற்றி ஒரு குறை அக்கா வாயிலிருந்து வந்ததில்லை. நடப்பதையும் அவர் நிறுத்தவில்லை. இறப்பதற்கு முந்திய வியாழனும் போய்த்தான் வந்தார்.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடிக்க, போன ஞாயிறு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். அக்காவின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார்கள். 'மலையன்னைக்கு நேர்த்தி வைத்து வாரந்தோறும் நடந்த பக்தை' என்று அதில் இருந்தது. எழுந்து நின்றேன்.

"அது பிழை. அக்கா நேர்த்திக்கு நடக்கேல்லை."

"தெரியும் பிள்ளை. ஆனால் இப்பிடிப் போட்டால் அவவுக்கு மரியாதையெல்லோ?" என்றார் எழுதிய ஐயா.

"அந்த மரியாதையை அவ உயிரோடை இருக்கேக்கையே வேண்டாமெண்டவ. அதுக்காக ஒரு கல்யாணத்தையே விட்டவ. இப்ப வாய் திறக்கேலாமல் கிடக்கிறா எண்டு அவவின்ரை பேரிலை நாங்கள் பொய் சொல்லுறதோ?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப என்ன போடுறது?"

"நடந்தார் எண்டு போடுங்கோ."

அவர் வெட்டினார், எழுதினார். அந்த ஒற்றைச் சொல் அங்கே நிற்பதில் எனக்கு இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இப்படி ஒருவரோடு ஒரே அறையில் இருந்தேன் என்பதே என் பெருமை.

சென்ற வருடம் வைகாசியில் மொந்தெல்லோவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது அவரைச் சரிவில் கண்டேன். இரு பக்கமும் மஞ்சள் மஞ்சளாகக் கள்ளி பூத்திருக்க, குனியாமல், கை இரண்டையும் வீசி நடந்துகொண்டிருந்தார். பக்கத்து ஆசனத்து மனிதர், அந்த வெயிலில் அந்தப் பெண் எங்கே போகிறாள் என்று இத்தாலிய மொழியில் கேட்டார். எங்கள் அக்கா என்று சொன்னேன். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

போயிட்டு வாங்கோ அக்கா. இனி ஆரும் ஏனெண்டு கேக்கமாட்டினம்.