கால்வாய் வளைவில் ஸ்டேல்மேட்

மானாம்பதியில் ஏரிக் கால்வாயை அவரவர் நிலத்து ஓரத்தில் அவரவர்தான் தூர் வார வேண்டும். என் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவில் ஒரு வளைவு. அது யார் பங்கு என்பதில்தான் தகராறு. "அது உன் பங்கு" என்றார் பக்கத்து நிலத்துக்காரர். "இல்ல, உன் பங்குதான்" என்றேன் நான். கோரை மண்டித் தண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது. கீழே இருந்த எல்லார் நாற்றங்காலும் காய்ந்தது.

பார்க்க வந்த அதிகாரி இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, "இது ஸ்டேல்மேட்மா, ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஜீப்பில் ஏறப் போனார்.

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் செஸ் ஆடியவள் நான். ராஜாவுக்கு செக் இல்லை, ஆனால் ஆட வேண்டியவருக்கு எந்தக் காயையும் நகர்த்த வழியில்லை என்றால்தான் ஸ்டேல்மேட். ஆட்டம் அதோடு டிரா. இங்கிலீஷ் பேசுகிறவர்களோ, இரண்டு பேர் வீம்புக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் அதையே சொல்கிறார்கள்.

"இன்னா சார், எனக்கு நகர்த்த இடம் கீதே" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு இறங்கினேன். கோரையை வேரோடு வெட்டிக்கொண்டே போய், வளைவில் சரிபாதி வந்ததும் ஒரு குச்சியை நட்டுவிட்டுக் கரையேறினேன். தண்ணீர் குச்சிவரை ஓடிவந்து நின்றது. மீதியையும் வெட்ட எனக்குத் தெம்பு இருந்தது. வெட்டவில்லை.

கீழ்நிலத்துக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர் கடைசியாக வந்தார்.

"இப்போ உன் ஆட்டம்ணா" என்று மண்வெட்டியை நீட்டினேன்.

முறைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.