கதவோரத்து இடம்

தமிழர்களை அடித்த கலவரத்துக்கு மறுவருடம் மாத்தளையில் ஒரு நெஞ்சுநோய்க் கிளினிக்கில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். தமிழ் நோயாளிகள் சொல்வதை டொக்டருக்குச் சிங்களத்தில் சொல்வதும் என் வேலைதான்.

தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட ஒருவர் மாதாமாதம் வருவார். கழுத்து நரம்புகள் கயிறுபோல் புடைத்திருக்கும். ஆட்கள் உள்ளே போகப் போக, நீள வாங்குப் பலகையில் இருப்பவர்கள் நகர்ந்து நகர்ந்து உட்காருவார்கள். அவர் மட்டும் பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டு, வெளிக்கதவோரமாகவே இருப்பார். எப்போதும் கடைசி ஆள் அவர்தான்.

ஒருநாள் டொக்டர் காரணம் கேட்கச் சொன்னார்.

"உள்ள வந்தா மூச்சு நின்னுருமோன்னு பயமா இருக்குங்க. இழுப்பு இல்லாத நாள்லயும் அந்தப் பயம் வருது. எதுக்கு உசிரோட இருக்கணும்னு தோணுதுங்க. அதுக்கு ஒரு குளிசை இல்லீங்களா?"

தமிழன் ஒருவன் பயப்படுகிறான் என்று அந்த அறையில் சிங்களத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரைக் கண்டு பயம் என்று திருப்பிக் கேட்டால்? மூச்சு இன்னும் மோசமாம் என்று மட்டும் சொன்னேன். டொக்டர் இழுப்புக் குளிசையைக் கூட்டி எழுதினார்.

அடுத்த மாதம் மருந்தைக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "அந்தப் பயம் குறைஞ்சிட்டுதோ?"

"எனக்கும் சிங்களம் தெரியுங்க," என்றார். முகத்தில் கோபமே இல்லை. "நீங்க சொல்லாம விட்டது அன்னைக்கே தெரியும். அதச் சொல்ல எனக்கும் வாய் வரலியே. விடுங்க ஐயா, உங்களுக்கும் பயம்தானே."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கதவோரத்தில் வேறு யார் யாரோ உட்கார்ந்தார்கள். அவர்களிடம் நான் மூச்சைப் பற்றி மட்டுமே கேட்டேன்.